வௌவால்களை எண்ணுகிறவர்கள்



ஜூன் மாதத்தில் இங்கிலாந்து நாட்டில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணிக்கும் மேலாகிவிடுகிறது. அந்த நேரத்தில் சில சிற்றூர்களின் பழைய கற்கோவில் வளாகத்தில், கல்லறைகளுக்கு நடுவே மடக்கு நாற்காலி போட்டு இரண்டு மூன்று பேர் அமர்ந்திருப்பார்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் உள்ள ஒரு சிறிய இடுக்கின் மீதே அவர்கள் கண்கள் நிலைத்திருக்கும். இடுக்கிலிருந்து ஒரு வௌவால் வெளியே பறந்தால், கையிலுள்ள எண்ணும் கருவியில் ஓர் அழுத்து. இன்னொன்று பறந்தால் இன்னோர் அழுத்து. வெளியே போனது திரும்பி உள்ளே வந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். பத்து நிமிடம் தொடர்ந்து எதுவும் வெளிவரவில்லை என்றால் வேலை முடிந்தது. எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. போக்குவரத்துச் செலவும் பெரும்பாலும் அவர்களுடையதே.

வௌவாலை எண்ணுவதற்கு இத்தனை பேர் மெனக்கெட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நம் ஆலயங்களில் வௌவால் என்றாலே முகத்தைச் சுளிக்கிறோம். அதன் நாற்றம், தரையில் சிதறும் புழுக்கை, பீடத் துணியில் விழும் கறை ஆகியவற்றை அறியாத பங்கு குறைவு. விவிலியமும் அதற்குப் பெரிய மதிப்புக் கொடுத்ததாகத் தெரியவில்லை. உண்ணத் தகாத பறவைகளின் பட்டியலில் லேவியர் நூல் அதைக் கடைசியாகச் சேர்க்கிறது (லேவியர் 11:19). எதை உண்ணலாம், எதை உண்ணக் கூடாது என்று சொல்ல வந்த பட்டியல் அது. அதில் விலங்கியல் பாடம் தேடுவது முறையல்ல. வௌவால் பறவையல்ல, குட்டி போட்டுப் பாலூட்டும் உயிர் என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவை சேர்ந்த ஐக்கிய அரசில் பதினெட்டு வகை வௌவால்கள் உண்டு. அவற்றில் பதினேழு அங்கே குட்டி ஈன்று வாழ்கின்றன. அனைத்துமே பூச்சி தின்பவை. நம் ஊர் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால் போன்ற பெரிய உயிர் அங்கே இல்லை. அங்கு மிகப் பரவலாகக் காணப்படும் பிப்பிஸ்ட்ரல் என்ற சிறிய வௌவாலின் எடை ஐந்து கிராம் அளவுதான், ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை இருக்கும். ஆனால் ஓர் இரவில் ஆயிரக்கணக்கான சிறு பூச்சிகளைத் தின்னக்கூடியது. தாய் வௌவால் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். எலியைப் போல வேகமாகப் பெருகும் இனம் அல்ல என்பதால், ஒருமுறை அழிவு வந்தால் எண்ணிக்கை மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

அந்த அழிவு இருபதாம் நூற்றாண்டில் வந்தது. பழைய காடுகளும் வேலி மரங்களும் வெட்டப்பட்டன. வயல்களில் பூச்சிக்கொல்லி கொட்டப்பட்டது. வீட்டுக் கூரை மரங்களைச் செல்லரிக்காமல் காக்கப் பூசிய நச்சு மருந்துகள் அங்கே தங்கியிருந்த வௌவால்களைக் கொன்றன. 1981ஆம் ஆண்டு வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம் வந்தபின் வௌவாலைக் கொல்வதும், அது தங்கும் இடத்தை அடைப்பதும் அங்கே குற்றமாயின.

சட்டம் வந்தது சரி. அதனால் வௌவால்கள் பெருகினவா? யாருக்கும் தெரியாது. புலியின் தடத்தைப் பார்க்கலாம். யானையின் இலத்தியைப் பார்க்கலாம். கட்டைவிரல் பருமன் உள்ள உயிர், இருட்டியபின் வெளிவந்து விடியுமுன் சுவர் இடுக்கில் மறைந்துவிடுகிறது. அதை நாடு முழுவதும் எண்ண எத்தனை விஞ்ஞானிகளை வேலைக்கு வைப்பது? எனவே 1996ஆம் ஆண்டு, வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற தொண்டு நிறுவனம் தேசிய வௌவால் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது பொதுமக்களையே அழைத்தது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் இரவில் வெளியே போய் எண்ணி வருகிறார்கள். அவர்கள் தாளில் எழுதும் எண்களிலிருந்து வரும் முடிவுகளையே அரசும் அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரமாக ஏற்றுக்கொள்கிறது.

அவர்கள் எண்ணும் முறையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இந்த வேலையின் நுட்பமெல்லாம் அதில்தான் இருக்கிறது. மேலே சொன்ன ஜூன் மாத எண்ணிக்கை, தங்குமிடங்களில் எடுப்பது. கோடையில் தாய் வௌவால்கள் கூட்டமாக ஒரே இடத்தில் சேர்ந்து குட்டி ஈனுகின்றன. ஜூனில் குட்டிகளுக்குப் பறக்கத் தெரியாது. ஆகவே அந்த மாதத்தில் வெளியே பறப்பவை பெரும்பாலும் வளர்ந்த பெண் வௌவால்கள்தாம். சில வாரங்கள் கழித்து எண்ணினால் குட்டிகளும் கலந்துவிடும், கணக்குக் குழம்பும். அதனால்தான் ஜூனில், அதுவும் இரண்டு மாலைகள், என்று வரையறுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்டு மாதத்தில் நீர்நிலை எண்ணிக்கை. ஓர் ஆறு அல்லது கால்வாயின் கரையில் ஒரு கிலோமீட்டர் நீளத்தில் பத்து இடங்கள் குறிக்கப்படும். சூரியன் மறைந்து நாற்பது நிமிடம் கழித்து முதல் இடத்தில் தொடங்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் நான்கு நிமிடம் நிற்க வேண்டும். டாபென்டன் வௌவால் என்ற இனம் தண்ணீரை உரசுவது போலத் தாழப் பறந்து பூச்சி பிடிக்கும். டார்ச் ஒளியை நீர்மேல் பாய்ச்சி, அந்த ஒளிக்கற்றையை வௌவால் எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணுகிறார்கள். எத்தனை வௌவால் என்று எழுதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே வௌவால் பத்துமுறை வந்துபோகலாம், அல்லது பத்து வௌவால்கள் ஆளுக்கு ஒருமுறை வரலாம். இருட்டில் நிற்பவருக்கு அது தெரியாது. தெரியாததை எழுதாமல், தெரிந்ததை மட்டும் எழுதுகிறார்கள்: இத்தனை முறை கடந்தது.

அந்தத் தாளில் இன்னொரு நேர்மையும் உண்டு. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடியவற்றைத் தனியாகவும், சத்தம் மட்டும் கேட்டது, நிச்சயமில்லை என்பவற்றைத் தனியாகவும் எழுத வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்திலும் பங்குப் பேரவையிலும் இப்படி இரண்டு கட்டம் போட்ட தாள் ஒன்று இருந்தால் எவ்வளவோ சண்டை குறையும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு!

ஜூலையில் வயல்வெளி நடை. இங்கே எண்ணுகிறவர் தமக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. நாட்டு வரைபடத்திலிருந்து குலுக்கல் முறையில் ஒரு சதுர கிலோமீட்டர் கொடுக்கப்படும். அது அழகான காடாகவும் இருக்கலாம், வெறும் கோதுமை வயலாகவும் இருக்கலாம். வௌவால் மிகுந்த இடங்களை மட்டும் எல்லாரும் தேடிப் போனால், நாடு முழுவதும் வௌவால் நிறைந்திருப்பதாகத் தோன்றிவிடும் அல்லவா? ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குகைகளிலும் பழைய சுரங்கங்களிலும் குளிர்கால உறக்கத்தில் இருப்பவற்றை எண்ணுகிறார்கள். இதற்கு உரிமம் பெற்றவர் உடன் இருக்கவேண்டும். உறங்கும் வௌவாலை எழுப்பினால், குளிர்காலம் முழுவதற்கும் என்று அது சேர்த்து வைத்திருக்கும் கொழுப்பு வீணாகிச் செத்துப்போக நேரிடும்.

வயல் நடையில் அவர்கள் கண்ணைவிடக் காதையே நம்புகிறார்கள். மனிதச் செவிக்கு எட்டுவது இருபது கிலோஹெர்ட்ஸ் வரைதான். வௌவால்கள் பெரும்பாலும் அதற்கு மேலேதான் குரல் எழுப்புகின்றன. அந்தக் குரல் மோதித் திரும்பும் எதிரொலியைக் கேட்டே இருட்டில் வழியையும் இரையையும் அறிகின்றன. டிடெக்டர் எனப்படும் கையடக்கக் கருவி அந்த மிக உயர்ந்த ஒலியை நமக்குக் கேட்கும் ஒலியாகத் தாழ்த்தித் தருகிறது. கொஞ்ச நாள் பழகினால், எந்த அலைவரிசையில் எப்படித் துடிக்கிறது என்பதைக் கொண்டு எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு குருவானவரைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக முடியாது. இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த லாசரோ ஸ்பல்லன்சானி (1729-1799) ஒரு கத்தோலிக்கக் குரு. 1793ஆம் ஆண்டு தம் அறையில் ஓர் ஆந்தையைக் கவனித்தார். விளக்கு அணைந்ததும் அது சுவரில் மோதியது. வௌவாலோ இருட்டிலும் மோதவில்லை. கண்ணை மறைத்தாலும், கண்ணையே அகற்றினாலும் மோதவில்லை. அவர் செய்த சோதனைகள் கொடுமையானவை. இன்று எந்த ஆய்வகமும் அவற்றை அனுமதிக்காது. பாவியா பேராலயத்தின் மணிக்கூண்டில் பிடித்த வௌவால்களைப் பார்வை இழக்கச் செய்து பறக்கவிட்டார். பின்னர் அவற்றுள் சிலவற்றை அதே மணிக்கூண்டில் மீண்டும் பிடித்துப் பார்த்தபோது, அவற்றின் வயிறு பூச்சிகளால் நிறைந்திருந்தது. குருடான வௌவால் இரை தேடி உண்டு வீடு திரும்பியிருக்கிறது! ஜெனீவாவில் லூயி ஜூரின் என்ற மருத்துவர் வௌவாலின் காதை அடைத்துப் பார்த்தார். அது உடனே தடுமாறி மோதியது. காதால்தான் அது பார்க்கிறது என்ற முடிவுக்கு இருவரும் வந்தார்கள். அன்றைய அறிஞர் உலகம் அதை ஏற்கவில்லை. வௌவாலின் குரலை யாரும் கேட்டதில்லையே, கேட்காத சத்தத்துக்கு எதிரொலி எங்கிருந்து வரும்? 1938இல்தான் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்டு கிரிஃபின் என்ற மாணவர், பேராசிரியர் பியர்ஸ் உருவாக்கிய கருவியின் முன்னே வௌவால்களைக் கொண்டுபோய் வைத்து அந்தக் குரலைக் கேட்டார். அந்தக் கருவியின் வழிவந்ததைத்தான் இன்று ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையோ தாதியோ கையில் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்கிறார்.

கேட்கத் தொடங்கியதும் ஒரு வியப்பும் வெளிப்பட்டது. பிரிட்டனின் பிப்பிஸ்ட்ரல் ஒரே இனம் என்றே நீண்டகாலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் சில கூட்டங்கள் 45 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், சில 55 கிலோஹெர்ட்ஸ் அளவிலும் குரல் கொடுத்தன. ஆராய்ந்தபோது அவை இரண்டு வேறு இனங்கள் என்று 1990களில் தெளிவாயிற்று. உயர்ந்த குரல் உடையதற்குச் சொப்ரானோ பிப்பிஸ்ட்ரல் என்று பெயரிட்டார்கள். நம் பாடகர் குழுக்களில் உச்சக் குரலில் பாடும் பெண்களைச் சொப்ரானோ என்கிறோமே, அதே பெயர்தான்.

சரி, இப்படி எண்ணி என்ன கண்டார்கள்? பிரிட்டனில் மொத்தம் எத்தனை வௌவால்கள் என்று இந்தத் திட்டம் சொல்வதில்லை. 1999ஆம் ஆண்டின் நிலையை நூறு என்று வைத்துக்கொண்டு, அதற்குப்பின் ஒவ்வோர் இனமும் கூடுகிறதா, குறைகிறதா என்று மட்டும் பார்க்கிறது. இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் அழிந்துபோன லாடமூக்கு வௌவால்கள் இரண்டும் 1999க்குப் பின் ஏறுமுகமாக இருப்பதை இந்த எண்ணிக்கைதான் காட்டியது. சட்டமும் பாதுகாப்பும் பலன் தந்தன என்று இப்போது ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது.

இந்தக் கணக்கு நிற்பது ஓர் எளிய ஒழுங்கின்மேல்: அதே இடம், அதே மாதம், அதே முறை, ஆண்டுதோறும். இதில் தன்னார்வலர்களுக்கு மிகக் கடினமாக இருப்பது இருட்டோ குளிரோ அல்ல. ஒன்றுமே வராத இரவுதான். ஒரு மணி நேரம் நின்று ஒரு வௌவாலும் வராவிட்டால், இதை எழுதி என்ன பயன் என்று மனம் சோர்ந்துபோகிறது. தாளை அனுப்பாமல் விட்டுவிடத் தோன்றும். அடுத்த ஆண்டு வேறு நல்ல இடத்துக்குப் போகத் தோன்றும். எல்லாரும் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? வௌவால் இருக்கும் இடங்களின் தாள்கள் மட்டுமே வந்து சேரும். இனம் ஒன்று நாட்டின் பாதியில் அழிந்துபோனாலும், கணக்கில் எல்லாம் நலமாகவே தெரியும். ஆகவே 0 என்று எழுதிய தாள் ஐம்பது என்று எழுதிய தாளுக்குச் சற்றும் குறைந்தது அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிப்பிஸ்ட்ரல் வௌவால்கள் ஒரே வீட்டில் நிலையாகத் தங்குவதில்லை. ஒரு கூரையை விட்டு இன்னொரு கூரைக்கு மாறிப்போகும். ஜூன் மாதத்தில் ஒரே வீட்டின் முன் அமர்ந்து எண்ணுகிறவருக்கு, ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போவதாகத் தோன்றும். உண்மையில் அவை அடுத்த தெருவுக்குக் குடிபோயிருக்கலாம். அதனால்தான் ஒரே இனத்தைத் தங்குமிடத்திலும் எண்ணுகிறார்கள், வயல்வெளியிலும் எண்ணுகிறார்கள். இரண்டு கணக்கும் வேறுபட்டால் ஏன் என்று கேட்கிறார்கள்.

இனி ஆலயத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் சிற்றூர்க் கோவில்கள் பல அறுநூறு, எழுநூறு ஆண்டுப் பழைமையுள்ளவை. இன்று அவை ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஆலயங்கள். 16ஆம் நூற்றாண்டுக்கு முன்பு கட்டப்பட்டவை கத்தோலிக்க ஆலயங்களாக எழும்பியவை. சுற்றியிருந்த பெருமரங்கள் போய்விட்ட நாட்டுப்புறத்தில், மரக்கூரையும் கல் இடுக்கும் கொண்ட இந்தக் கட்டடங்களே வௌவாலுக்கு அடைக்கலமாயின. அவை மணிக்கூண்டில் குடியிருக்கும் என்று நாம் நினைக்கிறோம். மணிக்கூண்டு காற்றும் சத்தமும் நிறைந்த இடம். அங்கே தங்குபவை குறைவு. கூரை மரங்கள் பொருந்தும் மூட்டுகளிலும், முகமண்டபத்திலும், கதவின் மேல் உள்ள இடைவெளியிலும்தான் அவை அதிகம் தங்குகின்றன.

வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு என்பார்கள் நம் ஊரில். மனிதர் வழிபடும் வீட்டுக்கு வௌவால் வந்தால் அப்படி எளிதாக முடிவதில்லை. நூற்றுக்கணக்கான வௌவால்கள் ஆலயத்தின் உள்ளேயே பறந்தால், சிறுநீர் பித்தளைத் தகடுகளை அரிக்கிறது. பழைய சலவைக்கல் சிற்பங்களிலும் மரத்திலும் கறை படிகிறது. ஞாயிறு வழிபாட்டுக்கு முன் பீடத்தையும் இருக்கைகளையும் மூடியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்து, கூட்டித் துடைத்து, பிறகு ஆராதனை நடத்தவேண்டிய நிலை சில ஆலயங்களில் ஏற்பட்டது. இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய முதியவர்கள். சட்டமோ வௌவாலைத் தொடவும் விடாது, ஓட்டையை அடைக்கவும் விடாது. வௌவாலுக்காகப் பேசுகிறவர்கள் வாரம் ஒருமுறை அந்தத் தரையைத் துடைத்துப் பார்க்கட்டும் என்று அவர்கள் மனம் கசந்து சொன்னதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழிபாட்டு இடத்தைத் தூய்மையாக வைக்க விரும்புவது குற்றமா என்ன?

இந்தப் பிணக்கைத் தீர்க்க, 2018 முதல் 2023 வரை 'ஆலயங்களில் வௌவால்கள்' என்ற திட்டம் நடந்தது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து, இங்கிலாந்துத் திருச்சபை, பழங்கட்டடங்களைக் காக்கும் அமைப்புகள், வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை ஆகியவை கைகோத்தன. தேசிய லாட்டரி மரபு நிதி 38 லட்சம் பவுண்டு அளித்தது. ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த இரு தரப்பாரும் ஒரே மேசையில் அமர்ந்ததே இதில் பெரிய செய்தி என்பேன். பேச்சு தொடங்குவதற்கு எண்ணிக்கை தேவைப்பட்டது. எந்த ஆலயத்தில் எந்த இனம்? எந்த இடுக்கு வழியாக வருகிறது? உள்ளே பறக்கிறதா, கூரைக்குள்ளேயே இருந்து வெளியே போய்விடுகிறதா? இவை தெரியாமல் எதையும் அடைத்தால், தாய் வெளியேயும் குட்டி உள்ளேயும் சிக்கிக்கொள்ளும்.

தன்னார்வலர்கள் ஆலயங்களுக்குப் போனார்கள். பகலில் தரையையும் சுவரையும் தேடிப் பார்த்தார்கள். இரவில் தானே ஒலி பதியும் கருவியை உள்ளே வைத்துவிட்டு வந்தார்கள். புழுக்கைகளைச் சேகரித்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். எலிப் புழுக்கைக்கும் வௌவால் புழுக்கைக்கும் என்ன வேறுபாடு என்று அவர்களுக்குச் சொல்லித் தந்தது நம் கோயில்பிள்ளைகளுக்கும் பயன்படும்: எலிப் புழுக்கை காய்ந்தால் கல்போல இறுகும், பூச்சி தின்னும் வௌவாலின் புழுக்கையைத் தாளில் வைத்து நசுக்கினால் பொடியாக உதிரும், பூச்சிச் சிறகின் மினுக்கமும் தெரியும். இப்படிக் கிடைத்த விவரங்களைக் கொண்டு, உரிமத்தோடு சில ஆலயங்களில் வேலை நடந்தது. உள்ளே பறக்கும் வழியை மட்டும் அடைத்து, கூரையின் உள்வெளியில் வௌவாலுக்குத் தனி இடம் ஒதுக்கி, வெளிவாசலைத் திறந்தே விட்டார்கள். எல்லா இடத்திலும் தீர்வு கிடைத்ததா என்றால் இல்லை. வௌவால் நாம் கட்டிக் கொடுத்த வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லையே!

வௌவாலால் நோய் வராதா என்ற கேள்வியை நம் மக்கள் கட்டாயம் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிப்பா காய்ச்சல் பரவிப் பலர் இறந்ததை நாம் மறக்கவில்லை. அந்த வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாகத் தங்கியிருப்பது. பிரிட்டனிலும், 2002இல் ஸ்காட்லாந்தில் வௌவால்களைக் கையாண்டு பணிசெய்த ஒருவர், வெறிநாய்க்கடி நோயைச் சேர்ந்த ஒரு வைரஸால் இறந்தார். அங்கே வௌவாலைக் கையாளுகிறவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். எண்ணுகிறவர்கள் எதையும் தொடுவதில்லை. தள்ளி நின்று பார்க்கிறார்கள், கேட்கிறார்கள். நாமும் கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் எடுக்கக் கூடாது. அது கடித்த பழத்தை உண்ணக் கூடாது. அதற்கு அப்பால், மரத்தை வெட்டுவதாலும் புகை போட்டு விரட்டுவதாலும் நோய் அகலாது. விரட்டப்பட்ட கூட்டம் சிதறி வேறு வேறு இடங்களில் மனிதரை இன்னும் நெருங்கி வந்து தங்கும்.

நம் நாட்டுச் சட்டம் வெகுகாலம் பழந்தின்னி வௌவாலைக் காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றோடு சேர்த்துத் தொல்லை தரும் உயிர்களின் பட்டியலில் வைத்திருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோதுதான் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டது. திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இலுப்பை மரமும் இலவமும் பெரிதும் வௌவாலால் மகரந்தம் பெறுகின்றன. அத்தி, ஆல், புன்னை விதைகளை அது சுமந்து பரப்புகிறது. அத்தனையும் செய்த உயிருக்கு நாம் கொடுத்திருந்த பெயர் தொல்லை.

எண்ணாமலும் கவனிக்காமலும் விட்டதற்குத் தமிழகத்திலேயே ஒரு சான்று உண்டு. 1948இல் தேனிப் பகுதியின் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். எங்கும் காணப்படும் சாதாரண வகை என்று எழுதி அதை அலமாரியில் வைத்துவிட்டார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1972இல், தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதை மீண்டும் எடுத்துப் பார்த்தார். உலகில் வேறெங்கும் அறியப்படாத புதிய பேரினம் என்று கண்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். மீண்டும் அது உயிரோடு காணக் கிடைத்தது 1993இல். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய அந்த இனம் இன்று அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 42ஆம் பத்தியில், உயிர்ச்சூழல் எவ்வாறு இயங்குகிறது என்று அறியும் ஆய்வுகள் பெருக வேண்டும் எனக் கேட்டிருக்கிறார். ஆய்வு என்றதும் பல்கலைக்கழகத்தை நினைக்கிறோம். ஜூன் மாத மாலையில் கல்லறைத் தோட்டத்தில் அமர்ந்திருப்பவர் செய்வதும் ஆய்வுதான்.

வௌவால்கள் அஞ்சிப் போய்விடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழகத்தில் உண்டு என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். அந்த ஊர்ப் பெரியவர்களின் அன்போடு ஒரு நோட்டுப் புத்தகமும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நம் பங்குப் பள்ளிகளின் மாணவர்களும் இளைஞர் இயக்கத்தாரும் இதைச் செய்யலாம். பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரம் எங்கே என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். சூரியன் மறையுமுன் மரத்திலிருந்து சற்றுத் தொலைவில், வானம் திறந்து தெரியும் இடத்தில் நான்கு பேர் நான்கு திசை நோக்கி நிற்கவேண்டும். ஒவ்வொருவரும் தம் திசையில் பறந்து போகிறவற்றை மட்டும் எண்ண வேண்டும். கூட்டம் பெரிதானால் பத்துப் பத்தாக எண்ணலாம். மரத்தடிக்குப் போவதோ, கைதட்டுவதோ, டார்ச் அடிப்பதோ கூடாது. நோட்டில் தேதி, சூரியன் மறைந்த நேரம், முதல் வௌவால் கிளம்பிய நேரம், மழையா மேகமா, எண்ணியவர் பெயர், நான்கு திசைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு திசையில் எதுவும் போகாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 என்று எழுதுங்கள். காலியாக விட்டால், ஒன்றும் போகவில்லையா அல்லது அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லையா என்று அடுத்த ஆண்டு பார்ப்பவருக்குத் தெரியாது. நோட்டைப் பள்ளி அலுவலகத்தில் வைத்து, அடுத்த ஆண்டும் அதே வாரத்தில் எடுத்துக்கொண்டு போகலாம்.